திருச்சிக்கு வரும் ஸ்கூட் மதுரைக்கு ஏன் வருவதில்லை?

கேள்வி, செப்டம்பர் 6

அண்ணே, எனக்கு ஊர் மானாமதுரை பக்கம், வேலை சிங்கப்பூர் ஜூரோங்கில். சிங்கப்பூரின் மலிவு விலை விமான நிறுவனம் ஸ்கூட் திருச்சிக்கு வருகிறது, கோயம்புத்தூருக்கு வருகிறது, மதுரைக்கு மட்டும் வருவதில்லை. கேட்டால் மதுரைக்கு ஆள் சேராது, அதனால்தான் விடவில்லை என்கிறார்கள். தீபாவளி சமயத்தில் திருச்சி விமானத்தில் பாதிப் பேர் மதுரை, சிவகங்கை, ராமநாதபுரத்து ஆட்கள்தானே? எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கம்பெனிக்கு ஒரு மனு கொடுத்தால் என்ன?

செப்டம்பர் 6, இரவு

மனு கொடுக்கலாம் தம்பி, ஆனால் விலாசம் அது இல்லை. ஸ்கூட் நாளைக்கே மதுரைக்கு விமானம் விட ஆசைப்பட்டாலும் விட முடியாது. சிங்கப்பூர் நிறுவனங்கள் இந்தியாவில் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரண்டு அரசாங்கமும் பேசி ஊர் ஊராகப் பெயர் எழுதி வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியலில் மதுரை இல்லை. அவ்வளவுதான். ஆள் சேருமா சேராதா என்ற கணக்கெல்லாம் அதற்கு அப்புறம் வருவது.

ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் மதுரையிலிருந்து இங்கே பறந்திருக்கிறதே என்பீர்கள். அது இந்திய நிறுவனம். சுங்கமும் குடிநுழைவும் இருக்கிற எந்த இந்திய ஊரிலிருந்தும் அது கிளம்பிச் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு வரலாம். 2012இலேயே மதுரைக்குச் சுங்கம் வந்துவிட்டது. ஓடுபாதை 7,500 அடி, ஏர்பஸ் 320க்குத் தாராளம். அங்கே கொழும்பிலிருந்து ஸ்ரீலங்கன் விமானம் இறங்குகிறது, ஏனென்றால் இலங்கையோடு போட்ட ஏற்பாட்டில் மதுரைக்கு இடம் இருக்கிறது. ஆக விமான நிலையத்திலும் குறை இல்லை, கூட்டத்திலும் குறை இல்லை. குறை காகிதத்தில்.

செப்டம்பர் 7

"லைசென்ஸ் வைத்திருக்கிற கம்பெனி எங்கே வேண்டுமானாலும் பறக்க வேண்டியதுதானே, கார் லைசென்ஸ் மாதிரி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி ஒரே ஒரு லைசென்ஸ் கிடையாது.

முதலில் ஏஓசி என்று எல்லாரும் சொல்கிற இயக்கச் சான்றிதழ். விமானம் ஒழுங்காகப் பராமரிக்கப்படுகிறதா, விமானிக்குப் பயிற்சி இருக்கிறதா, ஓய்வு நேரம் கொடுக்கிறார்களா என்று பார்த்துக் கொடுப்பது. சிங்கப்பூரில் சிஏஏஎஸ் கொடுக்கும், இந்தியாவில் டிஜிசிஏ, இரண்டும் அந்தந்த நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையங்கள். அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும். அப்புறம் வியாபார லைசென்ஸ்: பணம் இருக்கிறதா, முதலாளி யார், எந்த நாட்டுக்காரர். அதற்கும் அப்புறம்தான் தட உரிமை, அதாவது இந்த நாட்டிலிருந்து அந்த நாட்டுக்கு வாரத்தில் இத்தனை இருக்கை, இன்ன ஊரில் இறங்கலாம் என்பது. இதை நிறுவனம் சம்பாதிக்க முடியாது. அரசாங்கம் இன்னொரு அரசாங்கத்திடம் வாங்கித் தன் நிறுவனங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. இதெல்லாம் முடிந்த பிறகும் எதிர்ப்பக்க அரசாங்கம் "சரி, இந்த நிறுவனத்தை ஏற்றுக்கொள்கிறோம்" என்று தன் பங்குக்கு ஓர் அனுமதி தர வேண்டும். கடைசியில் ஸ்லாட், இறங்கவும் ஏறவும் நேரம். சென்னைக்கு ஏன் எல்லா விமானமும் நடுராத்திரியில் போய் இறங்குகிறது என்று திட்டுகிறோமே, அதில் பாதி இந்தக் கடைசிச் சமாசாரம்.

நான் தேக்கா பக்கம் ஒரு டிக்கெட் கடையில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன். புதிதாக ஒரு தடம் வருகிறதென்றால் பளபளவென்று நோட்டீஸ் வரும். விலை பெரிய எழுத்தில், அடியில் எறும்பு எழுத்தில் "அரசாங்க அனுமதிக்கு உட்பட்டது" என்று ஒரு வரி. முதலாளி பெரிய எழுத்தை மட்டும் படிப்பார். ஒரு தடவை அனுமதி வருவதற்குள் புக்கிங் வாங்கிவிட்டோம், கல்யாணத்துக்குப் போகிற புதுக்கோட்டைக் குடும்பம் ஒன்று, பத்துப் பதினைந்து டிக்கெட். அந்த நிறுவனம் தொடக்க நாளைத் தள்ளிக்கொண்டே போனது. பெண் வீட்டாருக்கு நான்தான் போன் போட்டுச் சொன்னேன். மாப்பிள்ளையின் தாய்மாமா கடைக்கே வந்துவிட்டார். அதிலிருந்து நான் நோட்டீஸை அடியிலிருந்து மேலாகப் படிக்கிற ஆள்.

செப்டம்பர் 9

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்று கேட்டதற்கு.

1944 டிசம்பரில் சிகாகோவில் 52 நாடுகள் ஒரு சாசனத்தில் கையெழுத்துப் போட்டன. அதன் முதல் விதியே, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் மண்ணுக்கு மேலே உள்ள வானத்தில் முழு அதிகாரம் உண்டு என்பதுதான். ஆறாவது விதி, அட்டவணை போட்டுப் பறக்கிற சர்வதேச விமானம் எதுவும் அந்தந்த நாட்டு அனுமதி இல்லாமல் வரக்கூடாது என்கிறது. போர் முடிகிற நேரம், விமானமெல்லாம் அமெரிக்காவிடம் இருந்தது, அதனால் வானத்தைத் திறந்துவிடலாம் என்று அமெரிக்கா சொன்னது. பிரிட்டனுக்குப் பயம். எல்லாருக்கும் பொதுவாக உரிமையைப் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு அங்கே கைகூடவில்லை. 1946இல் அந்த இரண்டு நாடும் மட்டும் பெர்முடாவில் உட்கார்ந்து தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. உலகமே அதைப் பார்த்து இரண்டு இரண்டு நாடாகப் பேச ஆரம்பித்தது.

பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம்தான் இது. உன் விமானத்துக்கு என் வீட்டில் இடம், என் விமானத்துக்கு உன் வீட்டில் இடம். சீர் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும், ஒரு குடம் குறைந்தாலும் பஞ்சாயத்து. மதுரையைக் கொடு என்று சிங்கப்பூர் கேட்டால், பதிலுக்கு நீ என்ன தருவாய் என்று டில்லி கேட்கும். சிக்கல் அங்கேதான். சிங்கப்பூரிடம் இருப்பது ஒரே ஊர், அதை ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

இந்த உரிமைகளுக்கு எண் போட்டு 'சுதந்திரங்கள்' என்பார்கள். மேலே பறந்து போவது முதலாவது, எண்ணெய் போட இறங்குவது இரண்டாவது. நம் ஊர் ஆளை அங்கே கொண்டுபோவது மூன்று, அங்கிருந்து ஏற்றி வருவது நான்கு. நமக்கு அன்றாடம் தேவைப்படுவது இந்த இரண்டும்தான். சண்டையெல்லாம் ஐந்திலும் ஆறிலும், அதற்குப் பிறகு வருகிறேன்.

செப்டம்பர் 9, கொஞ்சம் கழித்து

"அப்போ வானத்துக்கும் பட்டா உண்டா அண்ணே?"

உண்டு. சிட்டா, அடங்கல் மட்டும்தான் இன்னும் வரவில்லை.

செப்டம்பர் 12

"சிங்கப்பூர் எல்லாருக்கும் கதவைத் திறந்து வைத்திருக்கிறது, இந்தியாதான் பூட்டு போடுகிறது" என்று சூடாக எழுதியிருக்கிறார்கள். நானும் கடையில் இருந்த காலத்தில் இப்படித்தான் பேசுவேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

சிங்கப்பூர் திறந்து வைத்திருப்பது தர்மத்துக்கு இல்லை. உள்நாட்டுத் தடம் என்று ஒன்று நமக்குக் கிடையாது. ஈசூனிலிருந்து பிடோக்குக்கா விமானம் விட முடியும்? 1972இல் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டாகப் பிரிந்தபோது மலேசியாவுக்கு உள்நாட்டுத் தடங்கள் என்று ஒரு பிடிமானம் இருந்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு வெளிநாடு மட்டும்தான். வெளியே உரிமை வாங்கினால் சோறு, இல்லாவிட்டால் பட்டினி. அதனால் 130க்கும் மேற்பட்ட நாடுகளோடு ஒப்பந்தம். 1997இல் அமெரிக்காவோடு திறந்த வானம், 2007இல் பிரிட்டனோடு. பிரிட்டனுக்குள்ளேயே லண்டன், மான்செஸ்டர் என்று உள்நாட்டுத் தடத்தில் சிங்கப்பூர் விமானம் ஓடலாம் என்கிற அளவுக்கு அந்த ஒப்பந்தம் தாராளம், ஆனால் யாரும் ஓட்டவில்லை.

இனி டில்லியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். திருச்சியிலிருந்து ஏறுகிற எல்லாருமா சிங்கப்பூரில் இறங்குகிறார்கள்? நான் போட்ட டிக்கெட்டுகளில் திருச்சி–சிங்கப்பூர்–மெல்பர்ன், திருச்சி–சிங்கப்பூர்–பெர்த் என்று எவ்வளவோ. மகள் பிரசவத்துக்குப் போகிற அம்மாக்கள், சாங்கியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து அடுத்த விமானம் ஏறுவார்கள். இதுதான் ஆறாவது சுதந்திரம்: அடுத்தவன் ஊர் ஆளைத் தன் ஊர் வழியாக மூன்றாவது ஊருக்குக் கொண்டுபோவது. துபாய்க்காரர்கள் இதிலேயே பெரிய சாம்ராஜ்யம் கட்டினார்கள். துபாய்–இந்தியா தடத்தில் ஒவ்வொரு பக்கத்துக்கும் வாரத்துக்குச் சுமார் 66,000 இருக்கை என்று வரம்பு போட்டு, பல வருஷமாக இந்தியா அதை ஏற்றாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். நம் நிறுவனங்கள் நேரடியாகத் தூரம் பறக்க வளரட்டும் என்கிறது டில்லி. முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் மதுரைக்கு இந்த வாதம் பொருந்தாது. மதுரையிலிருந்து மெல்பர்னுக்கு நேராக எந்த இந்திய நிறுவனமும் விடப்போவதில்லை, பத்து வருஷம் காத்திருந்தாலும். அப்புறம் யாருக்காக அந்த ஊரைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டும்?

செப்டம்பர் 14

திருச்சிக்கு எப்படிக் கிடைத்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2003 அக்டோபரில் பாலியில் ஆசியான் நாடுகளின் கூட்டம். அப்போதைய பிரதமர் வாஜ்பாய் அங்கே ஒரு சலுகை அறிவித்தார். ஆசியான் நாட்டு நிறுவனங்கள் டில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவுக்குத் தினமும் வரலாம். கூடவே 18 சுற்றுலா ஊர்களுக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லாமல் வரலாம். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. என் சம்பந்தக் கணக்குப்படி பார்த்தால் சீர் கேட்காமல் பெண் கொடுத்த மாதிரி, அபூர்வம்.

அந்த 18இல் கயா உண்டு, புத்தர் ஊர், தாய்லாந்துக்காரர்களுக்கு ஆகும். கொச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு, அமிர்தசரஸ், விசாகப்பட்டினம் உண்டு. கஜுராஹோ உண்டு, அவுரங்காபாத் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஒரே ஊர், திருச்சி.

2008 டிசம்பரில் ஏர் ஏஷியா முதன்முதலாக இந்தியாவுக்குள் நுழைந்தபோது எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தது தெரியுமா? டில்லி இல்லை, மும்பை இல்லை. கோலாலம்பூர்–திருச்சி. இருக்கைக் கட்டுப்பாடு இல்லாத ஊர், அங்கிருந்து வெளியே போகிற கூட்டமும் தயாராக இருந்தது. பின்னால் இங்கிருந்து டைகர் போனது, இப்போது ஸ்கூட் போகிறது. இந்திய நிறுவனமான இண்டிகோவும் அங்கிருந்து சிங்கப்பூருக்குப் பறக்கிறது. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், ஆனால் நான் பார்த்த வரைக்கும் காரைக்குடிக்காரர்கள் யோசிக்காமல் திருச்சிதான் கேட்பார்கள். வேறு ஊர் இருப்பதே மறந்துபோன மாதிரி.

ஒரு விடியற்காலை திருச்சியில் இறங்கினவனுக்குத் தெரியும். பழைய முனையத்தில் பெட்டி வருகிற பெல்ட்டைச் சுற்றி நாலு வரிசைக்கு ஆள் நிற்பார்கள். பெட்டி முழுக்கப் பழுப்பு டேப் சுற்றி, பெயரும் ஊரும் மார்க்கரில்: தேவகோட்டை, பரமக்குடி, முதுகுளத்தூர், திருப்பத்தூர். டேப்புக்குள் மைலோ டின், கோடாலித் தைலம், கம்பளி. அந்த ஊர்ப் பெயர்களைப் படித்துக்கொண்டே வந்தாலே மதுரைக்கு ஆள் சேருமா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். 2024இல் திறந்த புது முனையம் விசாலமாக இருக்கிறது, ஆனால் பரமக்குடிக்காரனுக்குக் கார் வாடகை குறையவில்லை.

செப்டம்பர் 15

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒரு அக்கா கேட்கிறார்: சுற்றுலா ஊர் என்று பட்டியல் போட்டவர்களுக்கு மீனாட்சியம்மன் கோயில் கண்ணில் படவில்லையா?

அதைத்தான் நானும் கேட்கிறேன். கஜுராஹோவுக்குச் சாங்கியிலிருந்து ஒரு விமானம் போய் நான் பார்த்ததில்லை. எந்த ஊருக்கு எவ்வளவு பேர் போகிறார்கள் என்று பார்த்துப் போட்ட பட்டியல் இல்லை அது. அன்றைக்கு யார் பக்கத்திலிருந்து எந்த ஊர் சொல்லப்பட்டதோ அது உள்ளே போயிருக்கும் என்பது என் ஊகம், வெறும் ஊகம்தான்.

செப்டம்பர் 20

ஒருவர் கொஞ்சம் கோபமாக: "உயிரோடு சம்பந்தமில்லாத இந்தக் காகிதத்துக்கு இவ்வளவு பெரிய விளக்கமா?"

2014 டிசம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை, சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த இந்தோனேசியா ஏர் ஏஷியா விமானம் ஜாவாக் கடலில் விழுந்தது. 162 பேர். சாங்கியில் உறவினர்கள் காத்திருந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். சில நாளில் இந்தோனேசிய அமைச்சகம் ஒரு விஷயம் சொன்னது: அந்தத் தடத்தில் ஞாயிற்றுக்கிழமை பறக்க அந்த நிறுவனத்துக்கு எங்கள் அனுமதி இல்லை, திங்கள், செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான். சிங்கப்பூர் பக்கம் கேட்டால், எங்களிடம் தினமும் பறக்க அனுமதி இருந்தது என்றார்கள். ஒரே விமானம், இந்த முனையில் அனுமதி உண்டு, அந்த முனையில் இல்லை. நம்மில் எத்தனை பேர் அதே தடத்தில் ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் வாங்கியிருப்போம், யாருக்குத் தெரியும்?

விபத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. விசாரணை அறிக்கை சொன்ன காரணம் வேறு, வாலில் உள்ள ஒரு கருவியின் பழுதும் அதற்கு விமானிகள் செய்த காரியமும். அதனால் காகிதம் உயிரைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் யாருக்கு எந்த நாளில் அனுமதி என்பதை இரண்டு பக்கமும் ஒத்துப் பார்க்கவே இல்லை என்றால், மற்றவற்றை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்ற சந்தேகம் வருமா வராதா?

செப்டம்பர் 21, மழை, வெளியே போகவில்லை

விஷயத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். மேலே பறந்து போகக்கூட அனுமதி வேண்டும் என்றதும் சிலருக்கு நம்பிக்கை வரவில்லை. 1977 டிசம்பரில் பிரிட்டிஷ் ஏர்வேஸும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்து லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் தடத்தில் ஒலியைவிட வேகமாகப் பறக்கிற கன்கார்ட் விமானம் விட்டன. ஒரு பக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வண்ணம், மறு பக்கம் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வண்ணம். சில தடவை பறந்ததோடு சரி, மலேசியா தன் வானத்தில் அந்தச் சத்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 1979இல் திரும்ப ஆரம்பித்தார்கள், 1980இல் மொத்தமாக நின்றது.

இன்னொன்று. சிட்னி–லாஸ் ஏஞ்சலிஸ் தடத்தில் பறக்க சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் வருஷக்கணக்காகக் கேட்டது. ஐந்தாவது சுதந்திரம், இரண்டு அயல்நாடுகளுக்கு நடுவே ஆள் ஏற்றுவது. ஆஸ்திரேலியா 2006இல் இல்லை என்றது. அங்கே தங்கள் நாட்டு நிறுவனமான குவாண்டாஸைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அவர்கள் செய்தால் நாட்டு நலன், இந்தியா செய்தால் பிற்போக்கு என்று பேசுகிறவர்களுக்காக இதை எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 27

முதலாளி எந்த நாட்டுக்காரர் என்று ஏன் பார்க்கிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில், உரிமையை வாங்குகிற நிறுவனம் அந்த நாட்டு ஆட்களின் கையில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். இல்லாவிட்டால் மூன்றாவது நாட்டுக்காரன் ஒரு பலகையை மாட்டி உள்ளே வந்துவிடுவான். அதனால்தான் 2025 ஜூலை 31ஆம் தேதியோடு மூடிய சிங்கப்பூர் நிறுவனம் ஜெட்ஸ்டார் ஏஷியாவில் குவாண்டாஸுக்கு 49 சதவீதம் இருந்தது, மீதி 51 சிங்கப்பூர்ப் பக்கம். 2024இல் ஏர் இந்தியாவோடு இணையும் வரை இந்திய நிறுவனம் விஸ்தாராவிலும் அதே கதைதான், 51 டாடாவுக்கு, 49 சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு. ஹாங்காங்கில் ஜெட்ஸ்டார் ஒரு கிளை வைக்கப் பார்த்து, விமானங்களையும் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்து, உன் தலைமையிடம் உண்மையில் இங்கே இல்லை என்று 2015இல் லைசென்ஸ் மறுக்கப்பட்டது.

2017இல் டைகரும் ஸ்கூட்டும் ஒன்றானபோது கடையில் வேடிக்கை. பெயர் ஸ்கூட், விமானத்தின் நிறம் ஸ்கூட், ஆனால் விமான எண்ணில் டிஇசட் போய் டிஆர் வந்துவிட்டது, அது டைகரின் எழுத்து. ஒரு பெரியவர் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, "நான் மஞ்சள் விமானம் கேட்டேன், நீ புலி விமானத்தைப் போட்டிருக்கிறாய்" என்றார். இயக்கச் சான்றிதழாக வைத்துக்கொண்டது டைகருடையதை. வெளியே பெயர் எதுவாக இருந்தாலும் அந்தச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பறக்கிறார் என்பது அவருக்கு எப்படி விளங்கும்? "மஞ்சள்தான் வரும் ஐயா, போங்க" என்று அனுப்பி வைத்தேன்.

அக்டோபர் 3

"சரி, மதுரையைத் திறந்துவிட்டால் மட்டும் விலை குறையுமா?"

சிங்கப்பூர்–கோலாலம்பூரைப் பாருங்கள். ஒரு மணி நேரம்கூட ஆகாத பறப்பு. பல பத்தாண்டுகள் அந்தத் தடம் பெரும்பாலும் இரண்டு நாட்டுப் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தது. விலை கேட்டால் மயக்கம் வரும், ஆகவே நாங்களெல்லாம் கோல்டன் மைல் கட்டடத்துக்கு முன்னால் பஸ் ஏறினவர்கள். 2008 பிப்ரவரியில் மலிவு விலை நிறுவனங்களைக் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள், அந்த வருஷ டிசம்பரில் கட்டுப்பாட்டையே எடுத்தார்கள். பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசோடு ஒப்பிடும்படி விமான டிக்கெட் வந்தது. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகிறவர்கள் விமானத்தில் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான், என் கண்ணால் பார்த்தேன்.

மதுரையில் இவ்வளவு பெரிய வீழ்ச்சி இருக்காது. திருச்சி பக்கத்திலேயே இருப்பதால் விலை ஏற்கெனவே அதை ஒட்டித்தான் இருக்கும். தீபாவளி வாரத்தில் எந்த ஊருக்கும் யாரும் குறைக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். மிச்சமாகப் போவது கார் வாடகையும் ராத்திரித் தூக்கமும்.

அக்டோபர் 5

மனு விஷயத்துக்கு வருவோம், மானாமதுரைத் தம்பி இரண்டாவது தடவை கேட்டுவிட்டார். அனுப்ப வேண்டியது டில்லியில் உள்ள சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு. பிரதி உங்கள் தொகுதி எம்.பி.க்கு. மதுரை வணிகர்கள் இதையே நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து போனால் நல்லது. சிஏஏஎஸுக்கு எழுதிப் பிரயோஜனம் இல்லை, சிங்கப்பூர் வாங்கத் தயாராக இருக்கிற பக்கம், கொடுக்க வேண்டியது அந்தப் பக்கம்.

"கூடுதல் விமானம் வேண்டும்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அதற்கு "பரிசீலிக்கப்படும்" என்று ஒரு வரி பதில் வரும். சிங்கப்பூர், மலேசிய நிறுவனங்கள் இறங்கக்கூடிய ஊர்ப் பட்டியலில் மதுரையைச் சேர்க்க வேண்டும் என்று அந்தச் சொற்களிலேயே கேளுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் பெயருக்குப் பக்கத்தில் தங்கள் ஊரையும், திருச்சியில் இறங்கி வீட்டுக்குப் போக எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதையும் எழுதட்டும். வரைவைத் தமிழிலேயே போடுங்கள், டில்லிப் பிரதியை இங்கிலீஷில் மாற்றித் தர எனக்குத் தெரிந்த ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் இருக்கிறார். ஸ்கூட் என்ற பெயர் மட்டும் அதில் எங்கேயும் வரக்கூடாது, ஒரு கம்பெனிக்காகக் கேட்கிறோம் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.